மாதரி: அடைக்கலம் காத்த ஆயர் முதுமகள்



கதை சொல்லும் போட்டிக்காக ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியை ஆயத்தப்படுத்திக் கொண்டிருந்தேன். சிலப்பதிகாரக் கதை. புகாரில் தொடங்கி, மதுரை எரிந்து, கண்ணகி விண்ணேறியது வரை ஏழு நிமிடத்தில் சொல்லியாக வேண்டும். கண்ணகி கையில் சிலம்போடு அரண்மனை வாயிலில் நிற்கும் இடத்தில் குரல் எப்படி உயர வேண்டும், பாண்டியன் வீழும் இடத்தில் எப்படித் தாழ வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நேரம் போதாததால் மதுரைப் புறஞ்சேரியில் நடப்பதை ஒரே வரியில் அடக்கினேன்: "அவர்கள் ஓர் ஆயர்குல மூதாட்டியின் வீட்டில் தங்கினார்கள்."

பயிற்சி முடிந்து புத்தகப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அந்த மாணவி வாசலில் நின்று கேட்டாள்: "டீச்சர், வீட்டுல தங்க வெச்சாங்களே அந்தப் பாட்டி, அவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

என்னிடம் உடனே விடை இல்லை. பயிற்சிக் கழகத்தில் இலக்கியப் பாடத்துக்காகச் சிலம்பை ஒருமுறைக்கு இருமுறை படித்தவள் நான். ஆயினும் அந்தக் கேள்விக்கு நூலைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அன்றிரவு தேடிக் கண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

குடிமக்கள் காப்பியத்தின் உண்மையான குடிமகள்

சிலப்பதிகாரம் 3 காண்டங்களும் 30 காதைகளும் கொண்டது. அதன் காலம் குறித்து அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 2ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர். 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர். ஓலைச்சுவடிகளாக இருந்த இந்நூலை உ. வே. சாமிநாதையர் 1892இல் முழுமையாகப் பதிப்பித்தார். அதன் பின்னரே தமிழர் அனைவருக்கும் அது பொதுச்சொத்தாயிற்று. அரசனைத் தலைவனாக்காமல் குடிமக்களைத் தலைமாந்தராக்கிப் பாடியதால், தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் இதனைக் குடிமக்கள் காப்பியம் என்று போற்றினார்.

அப்பெயர் பொருத்தமானதே. எனினும் சற்று எண்ணிப் பாருங்கள். கோவலன் புகாரின் பெருவணிகன் மாசாத்துவானின் மகன். கண்ணகி கடல்வணிகன் மாநாய்கனின் மகள். இவர்கள் அரசகுலத்தார் அல்லர் என்பது உண்மை. ஆனால் செல்வத்தில் அரசரை ஒத்தவர்கள். நாள்தோறும் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ள குடிமகள் யார் என்று தேடினால், நம் கண்முன் வந்து நிற்பவள் மாதரி.

மாதரி மதுரை மதிலுக்கு வெளியே வாழ்ந்த ஆயர்குல முதுமகள். ஐயை என்ற ஒரு மகள் அவளுக்கு உண்டு. கணவனைப் பற்றிக் காப்பியம் பேசவில்லை. பாலும் தயிரும் மோரும் நெய்யுமே அவள் வாழ்க்கை.

அக்காலத்து ஆய்மகளிர் எப்படி வாழ்ந்தனர் என்பதைப் பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை தெளிவாகக் காட்டுகிறது. அதிகாலையில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று விற்று, அதற்கு ஈடாகப் பெற்ற தானியத்தால் சுற்றத்தாரை உண்பிக்கிறாள் ஓர் ஆய்மகள். நெய்யை விற்கும்போது பொன்னைக் கொடுத்தாலும் வாங்க மறுத்து, எருமையும் பசுவும் கன்றுமாகப் பெற்றுக்கொள்கிறாளாம். கணக்குத் தெரிந்த, கைத்தொழில் தெரிந்த, குடும்பத்தைத் தாங்கும் பெண் அவள். மாதரியும் அந்த வரிசையில் வந்தவளே.

ஒரு துறவியின் தேர்வு

அடைக்கலக் காதை 15ஆம் காதை. புகாரிலிருந்து கோவலனையும் கண்ணகியையும் வழிநடத்தி வந்தவர் சமணத் துறவியான கவுந்தியடிகள். மதுரைப் புறஞ்சேரியில் துறவோர் உறையும் இடத்தில் மூவரும் தங்கியிருக்கின்றனர். அங்கு இல்லறத்தார் நெடுநாள் தங்குதல் முறையன்று. கோவலன் நகருக்குள் சென்று சிலம்பை விற்றுப் பொருளீட்ட வேண்டும். அதுவரை கண்ணகியை யாரிடம் விட்டுவைப்பது?

அவ்வேளையில் இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும் மாதரி, அடிகளைக் கண்டு வணங்குகிறாள். அடிகள் எண்ணிப் பார்க்கிறார். ஆக்களைக் காத்து, அவை தரும் பயனைப் பிறர்க்கு அளித்து வாழும் ஆயர் வாழ்க்கையில் கொடுமை ஏதும் இல்லை. இவளோ தீதற்றவள், நேர்மையானவள், இரக்கமுடையவள். இந்த அளவுகோல்களைக் கொண்டு ஒரு துறவி இப்பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். செல்வமோ குலப்பெருமையோ இத்தேர்வில் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோவலனின் தந்தை பெயரைச் சொன்னால் மதுரையின் பெருவணிகர்கள் இவர்களை விருந்தினராக ஏற்பார்கள் என்பதும் அடிகளுக்குத் தெரியும். அதுவரை கண்ணகியைக் காக்கத் தகுதியானவள் மாதரி என்பதே அவர் முடிவு.

ஒப்படைக்கும்போது கவுந்தியடிகள் சொல்லும் அறிவுரை நீண்டது. நீராட்டு, மை தீட்டு, பூச்சூட்டு, தூய உடை உடுத்து. தோழியும் நீயே, காவலும் நீயே, தாயும் நீயே ஆகித் தாங்கு என்கிறார். இவளது பாதம் இதற்குமுன் மண்ணை அறியாதது என்றும் சொல்கிறார். அடைக்கலப் பொருளைக் காப்பது எத்துணைப் பெரிய அறம் என்பதை விளக்க ஒரு கதையும் கூறுகிறார். மாதரி மறுபேச்சுப் பேசவில்லை. மாலை மயங்கும் நேரம். கன்றை நினைந்து மேய்ச்சலிலிருந்து திரும்பும் பசுக்களோடும் ஆயர்குலப் பெண்களோடும் கண்ணகியைத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறாள்.

அந்த வழியில் மதுரைக் கோட்டையின் காவற்காட்டையும் அகழியையும் மதில்மேல் பொருத்தப்பட்ட போர்ப்பொறிகளையும் இளங்கோவடிகள் அடுக்கிச் சொல்கிறார். பகைவர் மேல் அம்பு எய்யும் பொறிகள், கொதிக்கும் நெய்யைக் கொட்டும் கொப்பரைகள் என்று பட்டியல் நீள்கிறது. எத்தனை பொறிகள் இருந்தென்ன? கண்ணகிக்கு வந்த துன்பம் மதிலுக்கு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்து வந்தது.

அவள் சொன்ன ஒரு வாக்கு

அடுத்த காதையில் மாதரியின் வீட்டைக் காண்கிறோம். செம்மண் பூசிய, பந்தலிட்ட, காவலுடைய ஒரு சிறுவீடு. கண்ணகியை நீராட்டி அமர்த்திய மாதரி, என் மகள் ஐயை உனக்குத் தோழியாக இருப்பாள், உன்னைப் பொன்போலப் போற்றுவேன் என்கிறாள். அதோடு நிற்கவில்லை. வழித்துன்பம் நீங்கித் தீங்கில்லாத இடத்துக்கு வந்துவிட்டீர்கள், இனி உன் கணவனுக்கு என்ன துன்பம் வரப்போகிறது என்றும் ஆறுதல் சொல்கிறாள்.

இந்த வாக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவள் செய்வன எல்லாம் நம் வீடுகளில் நடப்பவை போலவே இருக்கின்றன. வந்தவர்கள் சமண நோன்பினர், பொழுது சாய்வதற்குள் உண்பவர்கள் என்பதை அறிந்து, சமைப்பதற்கு நல்ல பாத்திரங்களைக் காலம் தாழ்த்தாமல் கொடுக்கச் செய்கிறாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், நெல்லரிசி, தன் வீட்டுப் பால் ஆகியவற்றை ஆய்ச்சியர் கொண்டுவந்து தருகின்றனர். கண்ணகி தன் கையால் சமைக்கிறாள். காய் அரிந்து விரல் சிவக்கிறது, அடுப்புப் புகையில் கண் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது. அடுப்பில் வைக்கோல் இட்டுத் தீமூட்டி உதவுகிறாள் ஐயை. பனையோலைத் தடுக்கில் கோவலன் அமர்ந்து வாழைக்குருத்தில் உண்பதை மாதரியும் ஐயையும் பார்த்து நிற்கின்றனர். கண்ணனும் நப்பின்னையும் போல் அல்லவா இருக்கிறார்கள் என்று மகிழ்கின்றனர்.

மணமான காலத்தில் மாளிகையில் வாழ்ந்த அந்தத் தம்பதியரில், பிரிவுக்குப் பிறகு கண்ணகி சமைத்த வீட்டுணவைக் கோவலன் உண்டது இந்த எளிய வீட்டில்தான். அதுவே கோவலனின் கடைசி உணவும் ஆயிற்று.

அரண்மனைக்கு நெய் அனுப்பும் முறை

17ஆம் காதையாகிய ஆய்ச்சியர் குரவையை நாம் பெரும்பாலும் இசை, கூத்து வரலாற்றுக்காகவே எடுத்துப் பேசுகிறோம். ஏழு மகளிரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு இசைகளின் பெயரை அவர்களுக்கு இடும் அழகு இசை ஆய்வாளர்களுக்கு அரிய சான்று. ஆனால் அக்காதை தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அரண்மனையில் காலை முரசு ஒலிக்கிறது. அதைக் கேட்ட மாதரி, இன்று அரண்மனைக்கு நெய் அளக்கும் முறை நம்முடையது என்று மகளை அழைத்துக்கொண்டு, கடைகயிறும் மத்துமாக வருகிறாள்.

இவ்விடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஆயர்குடியினர் முறைவைத்து அரண்மனைக்கு நெய் கொடுத்தனர் என்ற வரலாற்றுச் செய்தி இதில் உள்ளது. அதற்கும் மேலாக ஒரு கொடுமையும் உள்ளது. எந்த அரண்மனை அவள் விருந்தினனைக் கள்வன் என்று கொன்றதோ, அதே அரண்மனைக்குத்தான் அவள் நெய் கடைய அமர்கிறாள்.

பானையில் பால் உறையவில்லை. உறியில் வெண்ணெய் உருகவில்லை. காளையின் கண்ணில் நீர். ஆக்களின் கழுத்துமணி அறுந்து விழுகிறது. ஏதோ தீங்கு வரவிருக்கிறது என்று மாதரிக்குப் புரிகிறது. அவள் மகளிடம் மனம் மயங்காதே என்று சொல்லி, கண்ணகி கண்டு களிக்கக் குரவை ஆடுவோம், கன்றுகளின் துயர் நீங்கட்டும் என்கிறாள். தான் அஞ்சிய வேளையிலும் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பெண் அஞ்சிவிடக் கூடாது என்பதே அவள் கவலையாக எனக்குத் தோன்றுகிறது.

குரவை முடிந்து, பூவும் புகையும் சாந்தும் எடுத்துக்கொண்டு திருமாலை வழிபடவும் நீராடவும் வையைக் கரைக்குச் செல்கிறாள் மாதரி. அந்த நேரத்தில்தான் ஊருக்குள்ளிருந்து செய்தி வருகிறது. கண்ணகி துடித்தெழுந்து நகர் நோக்கி நடக்கிறாள். அதன்பின் கதை கண்ணகியோடு ஓடிவிடுகிறது. வழக்குரைக்கும் அவையும், பாண்டியன் உயிர்விடுதலும், மதுரை எரிதலும் அடுத்தடுத்து வருகின்றன. மாதரியை நாம் மறந்துவிடுகிறோம்.

10 காதைகளுக்குப் பின் வந்த விடை

என் மாணவியின் கேள்விக்கு விடை மதுரைக் காண்டத்தில் இல்லை. வஞ்சிக் காண்டத்தில், 27ஆம் காதையாகிய நீர்ப்படைக் காதையில், வடநாட்டில் கங்கைக்கரையில் உள்ளது. சேரன் செங்குட்டுவனிடம் மாடலன் என்னும் மறையோன் நடந்தவற்றைச் சொல்கிறான். கோவலன் கொலையுண்ட செய்தியை அறிந்த மாதரி ஆயர் கூடும் மன்றத்தில் எழுந்து நின்றாள். கோவலன் குற்றமற்றவன், தவறியவன் அரசன், அடைக்கலமாக வந்தவளை நான் இழந்துவிட்டேன், இந்நாட்டின் வெண்கொற்றக்குடையும் செங்கோலும் பிழைத்தனவோ என்று குலத்தார் முன் கதறினாள். அன்று நள்ளிரவில் தீப்புகுந்து உயிர் நீத்தாள். அதை அறிந்த கவுந்தியடிகளும் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார்.

சில வரிகளில் முடிந்துவிடுகிறது ஒரு வாழ்வு.

தவறான தீர்ப்பு வழங்கியதை உணர்ந்து அக்கணமே உயிர்விட்ட பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றிப் பேசாத தமிழ்மேடை இல்லை. கவுந்தியடிகளையும் பலர் அறிவர். 1964இல் வெளிவந்த 'பூம்புகார்' திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அவ்வேடத்தில் நடித்ததை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். மாதரிக்கு அந்த நினைவும் வாய்க்கவில்லை. இத்தனைக்கும் பாண்டியன் தவறு செய்தவன். ஆராயாமல் ஆணையிட்டவன். மாதரி செய்த தவறு என்ன? கேட்டவுடன் வீட்டைத் திறந்தாள், உணவளித்தாள், ஆறுதல் சொன்னாள். குற்றம் செய்தவன் ஏற்ற தண்டனையைக் குற்றமற்றவளும் தனக்குத்தானே விதித்துக்கொண்டாள்.

நான் சொன்ன வாக்கு

இங்கே என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒருநாள், புதிதாகச் சேர்ந்த முதலாம் ஆண்டு மாணவனின் தாயார், பள்ளி வேன் மகனை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று கவலைப்பட்டார். "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தைரியமாக வேலைக்குப் போங்கள்" என்றேன். அன்று நண்பகல் வாயிற்கடமையில் இருந்தவளும் நானே. வேறொரு குழந்தை விழுந்து முழங்காலில் அடிபட்டதால் மருந்திட உள்ளே அழைத்துச் சென்றேன். திரும்பி வருவதற்குள் வேன் போய்விட்டது. அந்தச் சிறுவன் அதில் ஏறவில்லை என்பது அரைமணி நேரம் கழித்தே தெரிந்தது. தேடி அலைந்தோம். பெரிய சாலையோரக் கடையில், கடைக்காரர் கொடுத்த ரொட்டியைத் தின்றபடி நாற்காலியில் அமர்ந்திருந்தான்.

அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. அவன் தாயார் என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற சொல் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. உன் கணவனுக்கு இனி என்ன துன்பம் என்று மாதரி சொன்னதைப் படித்தபோது, பல்லாண்டுகளுக்குப் பிறகு அந்த இரவு எனக்கு நினைவுக்கு வந்தது. வாக்குக் கொடுத்தவருக்கே அதன் பாரம் தெரியும்.

குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது?

மறுநாள் அந்த மாணவிக்கு விடை சொல்லியாக வேண்டும். ஆசிரியர்களே, பெற்றோர்களே, நான் தயங்கிய இடம் இதுதான்.

மாதரி தீப்புகுந்ததை ஒரு பெருமையாகப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனமில்லை. உயிரை விடுவது பொறுப்பை நிறைவேற்றும் வழி என்று ஒரு குழந்தை தவறியும் எண்ணிவிடக் கூடாது. ஆனால் அதற்காக அவளைக் கதையிலிருந்தே நீக்கிவிடுவதும் நேர்மையன்று.

எனவே இப்படிச் சொன்னேன்: "அந்தப் பாட்டி ஒரு தப்பும் செய்யவில்லை அம்மா. நடந்ததெல்லாம் தன்னால்தான் என்று நினைத்துத் துயரம் தாங்காமல் இறந்துபோனார். அப்போது யாராவது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இது உங்கள் குற்றம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்."

அவள் சற்று யோசித்துவிட்டு, "அவங்க மக சொல்லியிருக்கலாம்ல, டீச்சர்?" என்றாள்.

மகள் ஐயையைப் பற்றியும் காப்பியம் நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. புகாரிலிருந்து கண்ணகியைத் தேடி அவளுடைய செவிலித்தாயும் தோழியும் தேவந்தியும் மதுரைக்கு வருகின்றனர். மாதரி இறந்ததை அறிந்து, ஐயையையும் உடன் அழைத்துக்கொண்டு, வையைக்கரை வழியே சென்று மலையேறிச் சேரநாட்டை அடைகின்றனர். வாழ்த்துக் காதையில் தேவந்தி ஐயையைக் காட்டி, இவளைக் காணாயோ என்று கண்ணகியை நோக்கி அரற்றுகிறாள். தாய் விட்ட பொறுப்பை மகள் நடந்து நிறைவேற்றினாள் என்றே நான் கொள்கிறேன். இளங்கோவடிகளும் மாதரியை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. இறுதிக் காதையில் அவள் சேடக்குடும்பி என்பவரின் சிறுமகளாக மறுபிறவி எடுத்ததாகச் சொல்லி, அவளுக்கு மீண்டும் ஒரு குழந்தைப் பருவத்தைக் கொடுக்கிறார்.

என் கருத்தில், மாதரியின் பெருமை அவள் இறந்ததில் இல்லை. வாழ்ந்த அந்தச் சில நாட்களில் இருக்கிறது. முன்பின் அறியாத பெண்ணுக்கு நீராட்டும் உணவும் எண்ணிப் பார்த்த மனத்தில் இருக்கிறது. நெய் கொடுக்கும் குடியில் பிறந்தும், அரசன் தவறினான் என்று மன்றத்தில் எழுந்து சொன்ன துணிவில் இருக்கிறது. கண்ணகி அரசவையில் கேட்ட நீதியை இவள் தன் தெருவில் நின்று கேட்டாள்.

நாள்தோறும் காலையில் பள்ளி வாயிலில் எத்தனையோ பெற்றோர் தம் பிள்ளைகளை நம் கையில் விட்டுச் செல்கின்றனர். அதுவும் ஓர் அடைக்கலமே. பெற்றோர்களே, நீங்கள் விட்டுச் செல்லும்போது எங்கள் தோளில் என்ன வைக்கிறீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஆசிரியர்களே, இயன்றதைச் செய்த பின்னும் ஏதேனும் தவறிப்போகும் நாளில், உடன் பணிபுரிபவரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல நாம் மறக்க வேண்டாம்.

போட்டியில் அந்த மாணவி கதை சொன்னபோது, நான் எழுதிக் கொடுத்த அந்த ஒற்றை வரியை மாற்றிக்கொண்டாள். "மதுரையில் அவர்களுக்கு மாதரி என்ற பாட்டி தன் வீட்டைத் திறந்து சோறு போட்டார்" என்றாள். அதனால் ஏழு நிமிடத்தைச் சில நொடிகள் தாண்டிவிட்டாள். பரிசு கிடைக்கவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி